மிசிசிப்பியில் 84 நாள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் தம்பியும் மிசிசிப்பி ஆறு பிறக்கும் இடத்திலிருந்து கடலில் சேரும் இடம் வரை ஒரு கனூவில், அதாவது துடுப்புப் படகில், போய் வந்தோம். அதிலிருந்து கல்யாண வீடு, பொங்கல் விழா, ஊரிலிருந்து வரும் போன் என்று எங்கே பேச்சு வந்தாலும் அதே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். துடுப்பு போடும் நுட்பம் இதில் குறைவு. வழியில் எங்களுக்கு உதவிய, முன்பின் தெரியாத மனிதர்களைப் பற்றித்தான் அதிகம். அவர்கள் இல்லையென்றால் நாங்கள் மினசோட்டா மாநிலத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம்.

மிசிசிப்பின்னு பாடப்புத்தகத்துல படிச்சதோட சரி. எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?

அமெரிக்காவின் வடக்கே, மினசோட்டாவில் இட்டாஸ்கா என்று ஒரு ஏரி. அதிலிருந்து வழிந்து ஓடும் சிறு ஓடைதான் மிசிசிப்பி. தொடங்கும் இடத்தில் வரிசையாகக் கற்கள் கிடக்கின்றன, குழந்தைகள் அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போய்விடுவார்கள். பக்கத்தில் நிற்கும் மரத்தூணில், கடல் மட்டத்திலிருந்து 1,475 அடி உயரத்தில் தொடங்கி 2,552 மைல் ஓடுகிறது என்று பொறித்திருக்கிறது. இன்று பொதுவாகச் சொல்லும் கணக்கு சுமார் 2,350 மைல், அதாவது கிட்டத்தட்ட 3,780 கிலோமீட்டர். ஆறு முதலில் வடக்கே பெமிட்ஜி ஊர் வரை போய், கிழக்கே திரும்பி, அப்புறம்தான் தெற்கே இறங்கும். பத்து மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு லூசியானாவில் மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது.

பெயர் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களுடையது. மிசி சீபி என்றால் பெரிய ஆறு, நம் மொழியில் சொன்னால் பேராறு. ஆற்றின் பிறப்பிடத்தை 1832-இல் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் கண்டுபிடித்ததாகப் புத்தகங்கள் சொல்லும். அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் ஓசாவிண்டிப் என்ற ஒஜிப்வே தலைவர். வழி தெரியாமல் வந்தவருக்கு ஆற்றங்கரைக்காரர் வழி காட்டும் கதை அப்போதே உண்டு.

84 நாள்னு சொல்றீங்க. முழுக்கத் துடுப்பு போட்டேவா?

ஆமாம், மோட்டார் இல்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் கிளம்பி அக்டோபர் கடைசியில் கடலைத் தொட்டோம். 84 நாளில் 11 நாள் காற்று, இடி, களைப்பு என்று கரையிலேயே போனது. இட்டாஸ்காவில் விழும் ஒரு சொட்டு நீர் கடலைச் சேர சுமார் 90 நாள் ஆகும் என்பார்கள். நாங்கள் அந்தச் சொட்டோடு சேர்ந்து போனோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து மூன்று மாதம் ஆகிறது. 2023-இல் நான்கு பேர் கொண்ட குழு ஒன்று இரவும் பகலும் மாறி மாறித் துடுப்பு போட்டு 17 நாளுக்குள் முடித்தது. அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் எதுவும் அந்த வேகத்தில் கிடைக்காது.

கனூவும் கயாக்கும் ஒண்ணுதானே?

இல்லை. கயாக் மேலே மூடியிருக்கும், துடுப்புக்கு இரண்டு பக்கமும் அலகு உண்டு. கனூ நம்ம தோணி மாதிரித் திறந்திருக்கும், துடுப்பு ஒற்றை அலகு. எங்களுடையது 17 அடி நீள அலுமினியக் கனூ, யாரோ பயன்படுத்தி விற்றது. கனம் அதிகம், அடியில் ஏகப்பட்ட நெளிசல். ஆனால் கல்லில் மோதினாலும் உடையாது. மினசோட்டாவில் 10 அடிக்கு மேற்பட்ட துடுப்புப் படகுக்கும் பதிவு எண் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

ரிவர் ஏஞ்சல், ரிவர் ஏஞ்சல்னு சொல்றியே, யாரு அவங்க? கவர்மென்ட் ஆளுங்களா?

யாரும் நியமித்தவர்கள் இல்லை, சம்பளமும் இல்லை. ஆற்றோரம் குடியிருக்கிற சாதாரண மக்கள். நீண்ட தூரம் துடுப்பு போட்டு வருகிறவர்களுக்குக் குளிக்க இடம், துணி துவைக்க மெஷின், ஒருவேளைச் சாப்பாடு, கடைக்குப் போக வண்டி என்று தங்களால் முடிந்ததைக் கொடுப்பார்கள். மலைப்பாதைகளில் மாதக்கணக்கில் நடப்பவர்களுக்கு உதவுகிறவர்களை டிரெயில் ஏஞ்சல் என்பார்கள். அந்தப் பெயர்தான் ஆற்றுக்கும் வந்திருக்கிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகும்போது வழியெல்லாம் மோரும் விசிறியும் வைத்துக்கொண்டு நிற்பார்களே, அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம், இங்கே திருவிழா நாள் என்று எதுவும் கிடையாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் யாரோ இரண்டு பேர் சேற்றோடு வந்து நிற்பார்கள், அதற்கும் கதவு திறக்கும்.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரில். அங்கே ஆற்றின் குறுக்கே அணை, கனூவைத் தூக்கிக்கொண்டு சுற்றி நடக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று நாள் வினிபிகோஷிஷ் என்ற பெரிய ஏரியில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டியிருந்தோம். அது ஆழம் குறைந்த ஏரி, காற்று அடித்தால் சட்டென்று அலை எழும்பிவிடும். தம்பிக்குத் தோள் தூக்கவே முடியவில்லை. கரையில் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிக்கப் வண்டியில் ஒரு அம்மா வந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "கடல் வரைக்கும் போறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு, "முன்பக்கத்தை நான் பிடிக்கிறேன்" என்றார். அணைக்குக் கீழே கொண்டுவந்து விட்டார், கூடவே ஒரு பை நிறைய அவர் தோட்டத்துத் தக்காளி. நீங்கள் யார் என்று நான் கேட்டபோதுதான் "இந்த ஊருக்கு நான்தான் ரிவர் ஏஞ்சல்" என்றார். எங்கள் ஊரில் தபால்காரர் "இந்தத் தெருவுக்கு நான்தான்" என்று சொல்வது போல அவ்வளவு இயல்பாகச் சொன்னார்.

அவங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நம்பர் இருக்கா?

துடுப்பு போடுகிறவர்களுக்கென்று ஃபேஸ்புக்கில் குழு இருக்கிறது. உதவ விரும்புகிறவர்களின் பட்டியலும் அங்கிருப்பவர்கள் வழியாகக் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே செய்தி அனுப்புங்கள். வாசலில் வந்து நின்றுகொண்டு அழைக்காதீர்கள், அவர்களுக்கும் வேலை, குடும்பம், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. யாருடைய எண்ணையும் இங்கே நான் போடமாட்டேன்.

ஆனால் எங்களுக்கு உதவியவர்களில் பாதிப் பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை. படகுத்துறையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர், நூலகத்தில் சார்ஜ் போட இடம் கொடுத்தவர், பெட்ரோல் பங்கில் ஐஸ் வாங்கித் தந்த பையன் என்று அப்படித்தான்.

ராத்திரி எங்க படுத்தீங்க?

மினசோட்டாவில் ஆற்றோரம் துடுப்புப் படகுக்காரர்களுக்காகவே மாநில அரசு முகாம் இடங்கள் வைத்திருக்கிறது. காசு இல்லை, முன்பதிவும் இல்லை. அதற்குக் கீழே தீவுகள், மணல்திட்டுகள். தெற்கே போகப் போக ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் வடிந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணல் தெரியும். நான் ஸ்ரீவைகுண்டத்தில் தாமிரபரணி மணலில் விளையாடி வளர்ந்தவள். அர்கன்சாவில் அப்படி ஒரு மணல்திட்டில் முதல் ராத்திரி படுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு விதி: கனூவை எவ்வளவு மேலே இழுத்துப் போட்டாலும் சரி, எதிலாவது கட்டிவிட்டுத்தான் தூங்க வேண்டும். ராத்திரியில் ஒரு பெரிய கப்பல் போனால் அதன் அலை வந்து படகை எடுத்துக்கொண்டு போய்விடும். இதை நாங்கள் ஒரே ஒரு நாள் மீறினோம். அந்தக் கதை கடைசிக் கேள்வியில்.

நீங்க சைவமாச்சே, சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?

அரிசி, பாசிப்பருப்பு, ரவை, பொடி, ஊறுகாய், வாழைக்காய் வற்றல். அமெரிக்கத் தபால் நிலையங்களில் ஜெனரல் டெலிவரி என்று ஒரு வசதி உண்டு. வழியில் உள்ள ஊரின் தபால் நிலையத்துக்கு நம் பெயரிலேயே பார்சல் அனுப்பிவைத்தால், நாம் போய் வாங்குவதற்காக அதிகபட்சம் 30 நாள் வரை எடுத்து வைத்திருப்பார்கள். வழியில் ஐந்து ஊர்களில் இப்படி வாங்கிக்கொண்டோம். குடிநீரை ஊர்களில் பிடித்துக்கொண்டோம். கீழ்ப்பகுதி ஆற்றுநீரை வடிகட்டிக் குடிக்காதீர்கள், வயல்களின் உரமும் மருந்தும் வந்து சேரும் தண்ணீர் அது.

விருந்துக்குக் கூப்பிட்டவர்களிடம் இறைச்சி வேண்டாம் என்று சொல்ல முதலில் தயங்கினேன். அயோவாவில் ஒரு வீட்டில், எனக்காகவே கடைக்குப் போய் ராஜ்மா டப்பா வாங்கிவந்து, இணையத்தில் பார்த்து சீரகம் தாளித்து வைத்திருந்தார்கள். மறுநாள் காலை நான் அவர்களுக்கு ரவா உப்புமா கிண்டிக் கொடுத்தேன். அந்த வீட்டு கராஜ் சுவர் முழுக்க அங்கே தங்கிப்போன துடுப்புக்காரர்களின் கையெழுத்து. நாங்கள் தமிழில் எழுதினோம்.

வழியில அணை வருமே, கனூவோட எப்படித் தாண்டுனீங்க?

மினியாபொலிஸுக்கு மேலே உள்ள அணைகளில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும், முன்பே சொன்ன கிராண்ட் ராப்பிட்ஸ் மாதிரி. மினியாபொலிஸிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை லாக் வசதி உண்டு. லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு போட்ட பெரிய தொட்டி. உள்ளே போனதும் மேல்கதவை மூடி, தண்ணீரை வடித்து, நம்மைக் கீழ்மட்டத்துக்கு இறக்கி, கீழ்க்கதவைத் திறப்பார்கள். ராணுவப் பொறியாளர் படை நடத்துகிறது, கட்டணம் இல்லை. சுவரில் தொங்கும் கயிற்றை இழுத்தால் நாம் வந்திருப்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியும். சரக்குக் கப்பலுக்குத்தான் முதல் இடம் என்பதால் சில நேரம் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உள்ளே கொடுக்கும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்ளலாம், படகில் கட்டிவிடக் கூடாது. மட்டம் இறங்கும்போது கட்டிய படகு தொங்கிவிடும்.

இப்படி 29 லாக். அதில் முதலாவது, செயின்ட் அந்தோனி அருவிக்கு மேலே உள்ளது, ஊடுருவிப் பரவும் கெண்டை மீன்கள் வடக்கே ஏறாமலிருக்க 2015-இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே நகரத்து நடைபாதையில் கனூவைச் சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டு போனோம். செயின்ட் லூயிஸுக்குக் கீழே கடல் வரை ஒரு அணையும் கிடையாது.

பெரிய பெரிய கப்பலெல்லாம் வருமாமே, பயமா இல்லையா?

பயம் இருந்தது. இருக்கவும் வேண்டும். மேல்பகுதியில் ஒரு டோபோட், அதாவது தள்ளுகப்பல், பார்ஜ் எனப்படும் தட்டையான சரக்குப் படகுகள் 15-ஐச் சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வரும். இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ ஊரில் ஒஹாயோ ஆறு வந்து கலந்தபிறகு, 30, 40 பார்ஜ்கள். நிறுத்த நினைத்தாலும் நிற்க ஒரு மைலுக்கு மேல் ஆகும், முன்னால் இருக்கும் கனூ அதை ஓட்டுகிறவர் கண்ணுக்கே தெரியாது. ஆகவே ஒதுங்கவேண்டியது நாம்தான். கப்பல் வழியைக் காட்டும் மிதவைகளுக்கு வெளியே, கரைப்பக்கமாக இருந்தோம். பேட்டன் ரூஜ் தாண்டினால் கடல் கப்பல்களே வந்துவிடும், அங்கே இரண்டு கரையிலும் ரசாயன ஆலைகள், கூடாரம் போட இடம் கிடைப்பதும் கஷ்டம்.

கப்பல்களோடு பேச, கையில் வி.எச்.எஃப். ரேடியோ கட்டாயம் வேண்டும். அதில் எனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெம்ஃபிஸுக்கு மேலே ஒரு வளைவில், எதிரே வந்த டோபோட் மாலுமியை அழைத்து நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு, அடுத்த எட்டு மைலில் இன்னும் இரண்டு கப்பல் வருகிறது, வலது கரையை விடாதீர்கள் என்றார். அரைமணி கழித்து அடுத்த கப்பல், நான் அழைக்கும் முன்பே, "வெள்ளிக் கனூவில் இருக்கும் இரண்டு பேருக்கு, உங்களைப் பார்த்துவிட்டேன்" என்றது. அவர் இவரிடம் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த இரண்டு நாள் ஒரு குரல் இன்னொரு குரலிடம் எங்களை ஒப்படைத்துக்கொண்டே வந்தது. அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

பொம்பளப் பிள்ளை, முன்னப்பின்ன தெரியாத வீட்டுல எப்படிம்மா தங்குன?

இது என் அத்தை கேட்டது. அத்தை, பாதி நியாயம் உங்கள் பக்கம். தம்பி கூட இருந்தான் என்பது எனக்குப் பெரிய தெம்பு. தனியாகப் போகும் பெண்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லித்தந்த பழக்கங்களைத்தான் நாங்களும் வைத்துக்கொண்டோம். எந்த வீட்டில் தங்குகிறோம் என்பது தினமும் வீட்டுக்குச் செய்தியாகப் போய்விடும். முன்பு தங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வோம். மனதுக்குச் சரியில்லை என்றால் காரணம் தேடாமல் கிளம்பிவிடுவோம்.

இன்னொன்றையும் கவனித்தேன். பயம் எனக்கு மட்டும் இல்லை. ஆற்றிலிருந்து ஏறிவரும், 50 நாள் வெயிலில் கறுத்த, யாரென்றே தெரியாத இரண்டு பேரைத் தன் வீட்டு மாடியில் படுக்கவைக்கிற ஒரு எழுபது வயது அம்மாவுக்கும் அதே பயம் இருக்கத்தானே செய்யும்? அவரும் ராத்திரி தன் மகளுக்குப் போன் செய்து எங்களைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் படுத்தார். காலையில் அவரே அதை என்னிடம் சொன்னார், எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

நம்ம நிறத்தைப் பார்த்து யாரும் ஒண்ணும் சொல்லலையா? செய்தியில எல்லாம் வேற மாதிரி இல்ல வருது.

சொன்னார்கள். ஒரு தனியார் படகுத்துறையில் காலை வைத்ததுமே ஒருவர் கத்தி விரட்டினார். இன்னொரு ஊரில், பூங்காவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எங்களை ஒரு காவலர் வந்து அடையாள அட்டை கேட்டார், பக்கத்திலேயே இருந்த வெள்ளைக்காரத் துடுப்புக்காரரிடம் கேட்கவில்லை. இதை மறைத்துவிட்டு அன்பை மட்டும் எழுதினால் அது உண்மையாக இருக்காது. 1980-களிலேயே எடி ஹாரிஸ் என்ற கறுப்பின எழுத்தாளர் இதே ஆற்றைத் தனியாகக் கனூவில் கடந்திருக்கிறார். தெற்கே போகப் போகத் தன் தோல் நிறம் என்ன பாடுபடுத்துமோ என்ற கேள்வியோடுதான் அவரும் கிளம்பினார். எங்கள் பயம் புதிதில்லை.

கிரீன்வில் ஊரில் எங்களைத் தபால் நிலையத்துக்குக் கூட்டிப்போனவர் ஒரு கறுப்பினப் பெரியவர். வண்டியை ஆற்றங்கரை மேட்டில் நிறுத்தி ஒன்று காட்டினார். 1927-இல் பெருவெள்ளம் வந்து ஊருக்கு மேலே சில மைல் தள்ளிக் கரை உடைந்தபோது, கறுப்பினத் தொழிலாளர்களைத் துப்பாக்கி காட்டி வேலை வாங்கினார்கள். ஆயிரக்கணக்கான பேரை ஊரை விட்டுப் போகவிடாமல் அந்தக் கரைமேட்டிலேயே வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள். அவருடைய பாட்டி அதில் இருந்தவராம். கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போங்கள் என்பதுபோலச் சொன்னார். பிறகு எங்கள் பார்சலைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு படகு வரை வந்தார். நாங்கள் எவ்வளவோ சொல்லியும் கொடுக்கவில்லை.

யாரும் ஏமாத்தல, எதுவும் திருடு போகலன்னு சொன்னா நம்ப மாட்டேன்.

திருடு போனது. மிசூரி மாநிலத்தில் ஒரு படகுத்துறையில் கனூவை விட்டுவிட்டு ஒருமணி நேரம் கடைக்குப் போனோம். திரும்பி வந்தால் அடுப்பு, ஒரு துடுப்பு, மழைக்கோட்டு மூன்றும் இல்லை. அன்று ராத்திரி தம்பி, "அக்கா, போதும், பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிடலாம்" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் கடையில் அடுப்பு விசாரித்தபோது, கவுண்டரில் இருந்த பெண் என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னோம். யாருக்கோ போன் செய்தாள். இருபது நிமிடத்தில் ஒருவர் வந்து, தான் செய்த மரத்துடுப்பு ஒன்றைக் கொடுத்தார். ஆஷ் என்ற மரம், பிடியில் எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. விலை கேட்டதற்கு, "எங்க ஊர் ஆள்தானே எடுத்தது" என்றார். அது அவர் குற்றமே இல்லை. ஆனாலும் ஊர் என்றால் தானும்தான் என்று அவர் நினைத்தார். அந்தத் துடுப்போடுதான் கடல் வரை போனோம்.

இவ்வளவு வாங்கிக்கிறீங்களே, கூச்சமா இல்லையா? காசு கொடுத்தீங்களா?

முதல் மாதம் முழுக்கக் கூச்சம்தான். யார் எதைக் கொடுத்தாலும் "வேண்டாம், பரவாயில்லை" என்பதே வாயில் வரும். நாம் அப்படித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறோம், வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும், மொய் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். அந்த அயோவா வீட்டில் மேசைமேல் பணம் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த ஊர்த் தபால் நிலையத்தில் எங்கள் பார்சலோடு அந்தப் பணமும் ஒரு உறையில் காத்திருந்தது. "உப்புமா நன்றாக இருந்தது" என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

அதற்கப்புறம் பணம் வைப்பதை நிறுத்திவிட்டேன். பாத்திரம் கழுவினோம், சமைத்தோம், விறகு அடுக்கினோம், பெட்ரோல் போட்டால் அதற்கு மட்டும் சண்டை போட்டுக் கொடுத்தோம். அவர்கள் உண்மையில் விரும்பியது வேறு, உட்கார்ந்து பேச வேண்டும். மேலே தண்ணீர் எப்படி இருக்கிறது, பெலிக்கன் வந்துவிட்டதா, போன வாரம் தங்கிய பையன் எதுவரை போயிருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பலர் அந்த ஆற்றோரமே பிறந்து வளர்ந்தும் முழு ஆற்றையும் பார்க்காதவர்கள். களைப்பாக இருக்கிறது என்று சாப்பிட்டதும் படுக்கப் போய்விடாதீர்கள்.

கடலைத் தொட்டீங்க சரி. அப்புறம் எப்படித் திரும்புனீங்க? ரோடே இல்லையாமே?

சாலை வெனிஸ் என்ற ஊரோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே சில மைலில் ஆறு மூன்றாகப் பிரியும், அங்கேதான் மைல் கணக்கு பூஜ்யம். ஆனால் கடல் இன்னும் பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி. தெற்கு வாய்க்கால் வழியாகப் போய், தண்ணீர் உப்புக் கரிக்கும்வரை துடுப்பு போட்டோம். திரும்பி வர நீரோட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும். உடம்பில் தெம்பில்லை.

ஒரு இறால் படகு வந்தது. வியட்நாமியத் தம்பதி. லூசியானாக் கடற்கரையில் இறால் பிடிப்பவர்களில் வியட்நாமிலிருந்து போருக்குப்பின் வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு ஆங்கிலம் கொஞ்சம், எங்களுக்கு வியட்நாம் மொழி சுத்தமாகத் தெரியாது. அவர் எங்கள் கனூவைக் காட்டினார், தன் படகைக் காட்டினார், அவ்வளவுதான் பேச்சு. அவர் மனைவி சுடச்சுடச் சோறு போட்டுக் கொடுத்தார். 84 நாளில் வேறு யாரும் எங்களுக்குச் சோறு வடித்துப் போடவில்லை. தம்பி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

எனக்கு நீச்சல் தெரியாது, ஆனா ஆசையா இருக்கு. போகலாமா?

முதலில் நீச்சல். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் நீச்சல் வேண்டும். அப்புறம் மினசோட்டாவிலேயே மூன்று நாள், ஒரு வாரம் என்று போய்ப் பாருங்கள். கீழ்ப்பகுதிக்கு, மிசிசிப்பி மாநிலத்தின் க்ளார்க்ஸ்டேலில் கனூ செய்து வாழும் ஜான் ரஸ்கி மைல் மைலாக எழுதி, யாரும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கும் வழிகாட்டி இருக்கிறது. அதைப் படிக்காமல் செயின்ட் லூயிஸைத் தாண்டாதீர்கள்.

யார் கூப்பிட்டாலும் போயிட்டீங்களா? யாரையாவது வேண்டாம்னு சொன்னதுண்டா?

உண்டு. அர்கன்சாவின் ஹெலினா ஊருக்குக் கீழே ஒரு சாயங்காலம், மணல்திட்டில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தபோது சின்ன மோட்டார் படகில் ஒரு பெரியவர் வந்தார். தாடி, அழுக்குச் சட்டை, படகில் ஒரு துப்பாக்கி. ராத்திரி பெரிய காற்று வரும், அக்கரையில் என் குடிசை இருக்கிறது, வாருங்கள் என்றார். தம்பி போகலாம் என்றான். நான் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம், நன்றி என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் போனபிறகும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. அவசர அவசரமாகக் கனூவை இழுத்துப்போட்டு, கட்ட மரம் எதுவும் இல்லாததால் மணலில் நட்ட துடுப்பில் கயிற்றைச் சுற்றிவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விட்டோம்.

நடுராத்திரி காற்று வந்தது. கூடாரக் கம்பி ஒன்று ஒடிந்தது, நாலு மூலையிலும் நாங்களே உட்கார்ந்து பிடித்துக்கொண்டோம். அந்த மழைக்குள் மோட்டார் சத்தம் கேட்டது. யாரோ திட்டில் நடப்பதும் கேட்டது. டார்ச்சை அணைத்துவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தேன். சத்தம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.

விடிந்து பார்த்தால் தண்ணீர் கூடாரத்துக்குப் பத்தடியில் நின்றது. நாங்கள் கனூவைப் போட்ட இடம் முழுகிக் கிடந்தது. கனூ திட்டின் உச்சியில், மழைநீர் சேராதபடி கவிழ்த்துவைத்து, ஒதுங்கிக் கிடந்த ஒரு பெரிய அடிமரத்தோடு கட்டியிருந்தது. துடுப்புகள் அதன் அடியில். கட்டியிருந்த மஞ்சள் கயிறு எங்களுடையது இல்லை. அக்கரைக்குப் போய்த் தேடினோம், இரண்டு குடிசை இருந்தது, இரண்டிலும் ஆள் இல்லை. மத்தியானம் வரை காத்திருந்தோம். கதவில் ஒரு சீட்டு செருகிவிட்டுக் கிளம்பினோம், அது சரியான குடிசைதானா என்று இன்றுவரை தெரியாது. கயிறு இப்போதும் கனூவின் முன்முனையில் இருக்கிறது. அவர் போட்ட முடிச்சை நாங்கள் அவிழ்த்துவிட்டோம், அதைத் திரும்பப் போடத் தம்பி பல தடவை முயன்று பார்த்துவிட்டான், வரவில்லை.